கடற்கரைப் பொதுவழிகளுக்குக் கல் நட்ட அனுபவம்

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் கீழ்ப்புறம் நெடுக, பங்களாக்களும் விடுதிகளும் வரிசையாகச் சுற்றுச்சுவர் எழுப்பி நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே கடலுக்குச் செல்லும் வழிகள் பல இன்னும் திறந்தேதான் இருக்கின்றன. ஆனால் அவற்றில் நுழையலாம் என்று புதிதாக வருகிறவருக்குத் தோன்றாது. இருபுறமும் எட்டடிச் சுவர், தெருமுனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் சீருடை அணிந்த காவலாளி, பக்கத்தில் 'அனுமதியின்றி உள்ளே வராதீர்கள்' என்ற பலகை ஆகியவை இருந்தால் போதும், கேட்டைப் பூட்ட வேண்டிய தேவையே இல்லாமல் வந்தவர் தாமாகத் திரும்பிவிடுவார். எங்கள் ஊராட்சியில் இப்படி மறைந்து கிடந்த வழிகளைக் கண்டறிந்து அடையாளமிடும் பணியை, பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வுபெற்ற நானும் ஊர் இளைஞர்கள் சிலரும் ஊராட்சி மன்றத்தின் ஒப்புதலோடு செய்தோம். வேறு கடலோர ஊர்களில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் செய்த முறையை எழுதி வைக்கிறேன்.

பலகை வைப்பது எளிது. எங்கே வைக்கலாம் என்பதைப் பதிவேட்டின் துணையோடு நிறுவுவதுதான் வேலை. எனவே முதலில் கடற்கரையை நோக்கிப் போகாமல் வட்டாட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போனோம். கிராம வரைபடத்தின் நகலும், புல எண் வாரியாக நிலத்தின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டின் பகர்ப்பும், சாலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எல்லாப் புலங்களின் அளவுகளைக் காட்டும் புலப்படமும் கையில் இருந்தால்தான் பேச முடியும். புலப்படமும் பட்டா விவரமும் இப்போது வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே கிடைக்கின்றன. பழைய கிராம வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துப் பெற்றோம். அந்தப் பழைய வரைபடத்தின் அருமை அதை விரித்துப் பார்க்கும்போதுதான் தெரியும். இரட்டைப் புள்ளிக்கோடுகளாக வண்டிப்பாதைகளும் ஒற்றைக் கோடுகளாக நடைபாதைகளும் மணல்மேட்டைக் கடந்து கடல் வரைக்கும் ஓடுவது அதில் தெளிவாகத் தெரிகிறது. இன்றைய செயற்கைக்கோள் படத்தில் அதே இடங்களில் நீச்சல் குளங்களின் நீலம்தான் தெரிகிறது.

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் காவலாளியிடமும் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடமும் அடிக்கடி அதைச் சொல்ல வேண்டியிருந்தது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், பொதுச் சாலைகள், தெருக்கள், சந்துகள், பாதைகள் ஆகியவற்றையும் உயர் அலை மட்டத்துக்குக் கீழே உள்ள கடற்படுகையையும், வேறொருவரின் உரிமை நிறுவப்படாத வரையில், அரசின் உடைமை என்றே அறிவிக்கிறது. கடற்கரையும் ஓடும் நீரும் பொதுமக்களுக்காக அரசு அறங்காவலராக இருந்து காக்க வேண்டியவை என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கமல்நாத் வழக்கின் தீர்ப்பில் ஏற்றது. கடற்கரை விடுதிகளைப் பொறுத்தவரை, இரண்டு விடுதிகளுக்கு இடையில் பொதுமக்கள் கடலுக்குச் செல்லக் குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பாணை கூறியது. ஆகவே மணற்பரப்பு யாருடையது என்பதில் பெரிய சிக்கல் இல்லை. சாலைக்கும் மணலுக்கும் இடையிலான அந்த இருநூறு முந்நூறு மீட்டர்தான் சிக்கல்.

ஆவணங்களை அடுக்கிப் பார்த்தபோது எங்கள் எல்லைக்குள் மக்கள் நடந்து செல்லும் ஏழு வழிகள் மூன்று வகையாகப் பிரிந்தன. மூன்று வழிகள் அ-பதிவேட்டிலேயே 'சர்க்கார் புறம்போக்கு, பாதை' என்று தனிப் புல எண்ணோடு பதிவாகியிருந்தன. இரண்டு வழிகள் மனைப்பிரிவுச் சாலைகள். அங்கீகாரம் பெறும்போது மனை போட்டவர் சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்கு ஒப்படைத்துவிடுவதால் அவையும் பொதுவழிகளே. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து, தானப் பத்திரத்தின் சான்றிட்ட நகலையும் எடுத்துக்கொண்டோம். மற்ற இரண்டு வழிகள் தலைமுறைகளாக நடந்து உண்டான ஒற்றையடித் தடங்கள். அவை பட்டா நிலத்தின் மேல் போகின்றன, பதிவேட்டில் அவற்றைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. முதல் இரண்டு வகைகளுக்கு மட்டும் இப்போது அடையாளம் வைப்பது, மூன்றாவதை வேறாக நடத்துவது என்று முடிவு செய்தோம். இளைஞர்களுக்கு இதில் வருத்தம் இருந்தது, ஏனெனில் மக்கள் அதிகம் புழங்குவது அந்த மூன்றாவது வகைத் தடங்களில்தான். ஆனால் ஒரு கல் தவறான இடத்தில் நடப்பட்டு நீதிமன்றத் தடையாணையால் பிடுங்கப்பட்டால், சரியான இடத்தில் நட்ட மற்ற கற்களின் மதிப்பும் அதோடு போய்விடும் என்பது என் கருத்து.

அடுத்தது அளவை. கைப்பேசியில் உள்ள ஜி.பி.எஸ். திறந்த வெளியிலேயே மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும். ஆறு மீட்டர் பாதையின் ஓரத்தைக் கண்டுபிடிக்க அது உதவாது. கட்டணம் செலுத்தி அரசு நில அளவரை வரவழைத்தோம். புலப்படத்தின்படி முதல் பாதையின் அகலம் 30 லிங்க்ஸ். ஒரு லிங்க்ஸ் சுமார் 20.12 சென்டிமீட்டர் என்பதால் இது ஏறக்குறைய 6 மீட்டர். அளவைத் தொடங்குவதற்குப் பழைய சர்வே கல் ஒன்றாவது கிடைத்தாக வேண்டும். மூன்று புலங்கள் சந்திக்கும் இடத்தில் இருக்க வேண்டிய கல்லை மேலே எங்கும் காணவில்லை. காற்று கொண்டுவந்த மணல் அதை மூடியிருந்தது. அளவர் காட்டிய இடத்தைச் சுற்றி ஒருவர் கடப்பாரையால் ஒரு சாண் இடைவெளி விட்டுக் குத்திக்கொண்டே வந்தார். மணலில் கடப்பாரை ஓசையின்றி இறங்கும். வேரில் பட்டால் லேசாகத் துள்ளும். கல்லில் பட்டால் கைக்கு அதிர்ச்சி வரும், ஓசையும் மாறும். முழங்கால் ஆழத்தில் அந்த ஓசை வந்தது. தோண்டிப் பார்த்தபோது மேல்முகத்தில் வெட்டிய கூட்டல் குறி சிதையாமல் இருந்தது. அங்கிருந்து, புலப்படத்தில் குறித்துள்ள அடிப்படை அளவைக் கோடான ஜி-லைனைப் பிடித்து அளந்தபோது, சாலைமுனையில் 6 மீட்டர் இருக்க வேண்டிய பாதை இரண்டு சுவர்களுக்கு நடுவே 3.4 மீட்டராகக் குறுகியிருந்தது தெரிந்தது. இரண்டு பக்கமும் சமமாகத் தின்றிருக்கவில்லை. தெற்குச் சுவர் சரியான இடத்தில் நிற்க, வடக்குச் சுவர் மட்டுமே உள்ளே நகர்ந்திருந்தது.

இந்த அளவுதான் பணியின் போக்கையே மாற்றியது. அதுவரை நாங்கள் நினைத்திருந்தது, அம்புக்குறி போட்டு 'கடற்கரைக்கு வழி' என்று எழுதிய ஒரு பலகை. அத்தகைய பலகை வழி தெரியாதவருக்கு வழி காட்டுமே ஒழிய வழியைக் காக்காது. பாதை 6 மீட்டரிலிருந்து 3 மீட்டராகி, 3 மீட்டர் 1 மீட்டரானாலும் அந்த அம்புக்குறி அப்படியே கடலைக் காட்டிக்கொண்டிருக்கும். அகலத்தையும் புல எண்ணையும் எழுதிவிட்டால், ஐம்பது ரூபாய் டேப் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் வந்து நின்று அளந்துகொள்ளலாம். எனவே வழியின் பெயரைவிட அதன் அகலமே அடையாளத்தில் முக்கியமானது என்று தீர்மானித்தோம். கலிபோர்னியாவில் 1976ஆம் ஆண்டின் கடலோரச் சட்டத்துக்குப் பிறகு வெறுங்காலும் அலையும் வரைந்த ஒரே மாதிரியான குறியீட்டைக் கடற்கரை வழிகளில் வைத்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் அந்தக் குறியீட்டைப் போல ஒன்றையும் எங்கள் கல்லில் சேர்த்துக்கொண்டோம்.

இதற்கிடையில் மீனவர் குப்பத்தின் ஊர்க்கூட்டத்தில் எங்களைப் பேச அழைத்தார்கள். வரவேற்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அங்கே எதிர்ப்புதான் காத்திருந்தது. ஊர்த் தலைவர் சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன்: "போர்டு வெச்சா வண்டி வரும் சார். வண்டி வந்தா பாட்டில் வரும். பாட்டில் ஒடைஞ்சா எங்க கால்லதான் குத்தும், எங்க வலையிலதான் மாட்டும். நாங்க இல்லாத ஊருக்கா வழி காட்டப் போறீங்க?" அருகில் இருந்த மீன்கார அம்மா, கருவாடு காய வைக்கும் இடத்தில் கார் நிறுத்துகிறார்கள் என்பதையும் சொன்னார். நியாயமான எதிர்ப்பு. கடற்கரை நகரத்தாருக்குப் பொழுதுபோக்கும் இடம், அவர்களுக்குப் பணிமனை. பேசி முடித்தபோது மூன்று விஷயங்கள் ஒப்பந்தமாயின. குப்பத்துக்குள் புகுந்து படகுத்துறைக்குப் போகும் வழி பொதுவழியே ஆனாலும் அதற்கு அடையாளம் வைப்பதில்லை; படகை இழுக்கும் டிராக்டருக்கு அது திறந்திருக்க வேண்டும். மற்ற வழிகளில் மணல் தொடங்கும் இடத்தில் கார் நுழைய முடியாதபடி குட்டைக் கற்களை 1.2 மீட்டர் இடைவெளியில் நட வேண்டும். நடப்பவரும் மீன் கூடை ஏற்றிய மிதிவண்டியும் சக்கர நாற்காலியும் அதில் தாராளமாகப் போகலாம். வாகனம் நிறுத்துவதைச் சாலைப்பக்கமே முடித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அடையாளத்தில் எழுத வேண்டும். பதிவேட்டுப் பாதைகளில் ஒன்று குப்பத்துக்குள் போகிறது. ஆக, அடையாளம் பெற்றவை நான்கு வழிகள். அக்டோபர் 2 கிராம சபையில் புல எண்களைத் தனித்தனியாகக் குறிப்பிட்டுத் தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்தில் 'கடற்கரை வழிகள்' என்று பொதுவாக எழுதாமல் புல எண்களையும் அகலங்களையும் எழுதச் செய்வது மிகவும் அவசியம், ஏனெனில் பின்னால் கேள்வி வரும்போது காட்ட வேண்டிய தாள் அதுதான்.

எதில் எழுதுவது என்ற கேள்வியில் நிறைய விவாதம் நடந்தது. ஃபிளெக்ஸ் பலகையைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. 2022 டிசம்பரில் மாமல்லபுரம் அருகே மாண்டஸ் புயல் கரை கடந்தபோது இந்தப் பகுதியில் ஃபிளெக்ஸ் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. இரும்புச் சட்டம் போட்டுப் பெயின்ட் அடித்தால் உப்புக்காற்றில் பற்றவைத்த இடங்கள்தான் முதலில் துருப்பிடிக்கும். துரு பெயின்ட்டின் அடியில் பரவிக் கொப்புளமாகக் கிளம்பும். எவர்சில்வர் என்று எல்லோரும் சொல்லும் 304 ரகம் வீட்டுக்குள் நன்றாக இருக்கும். கடற்கரையில் அதன் மேலும் தேநீர்க் கறை போல் பழுப்பு ஏறும். 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கலந்த 316 ரகம் குளோரைடைத் தாங்கும், ஆனால் விலை அதிகம். அதைவிட, பழைய இரும்புக் கடையில் அதற்கு நல்ல விலை கிடைக்கும் என்பது பெரிய குறை. அலுமினியத் தகட்டுக்கும் அதே கதிதான். இவ்வளவையும் பேசிவிட்டு, பக்கத்திலேயே பல்லவர் காலத்துக் கல்வேலை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக உப்புக்காற்றில் நிற்கும்போது நாம் ஏன் தகட்டைத் தேடுகிறோம் என்று ஓர் இளைஞர் கேட்டார். அத்தோடு விவாதம் முடிந்தது. கருங்கல்லை யாரும் எடைக்குப் போட முடியாது. தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது.

கல்லின் அளவு ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஆறு அங்குலக் கனம். எடை ஏறத்தாழ 340 கிலோ வரும். எழுத்தின் உயரத்தைக் கணக்கிட, முப்பது அடித் தொலைவுக்கு ஓர் அங்குலம் என்ற சாலைக்குறி விதியைப் பின்பற்றினோம். ஊர்த்தெருவில் நடந்தோ இருசக்கர வண்டியிலோ வருகிறவருக்கு 75 அடியிலிருந்து படிக்க முடிந்தால் போதும் என்பதால் தலைப்பு எழுத்துகள் இரண்டரை அங்குலம், மற்றவை ஒன்றரை அங்குலம். நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற காருக்கு இது போதாது. அந்த வேகத்தில் நான்கு நொடிக்குள் 220 அடி கடந்துவிடும்; படித்து, புரிந்து, வேகத்தைக் குறைக்க எழுத்து ஏழு அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். அது நெடுஞ்சாலையின் இடத்தில் நிற்க வேண்டிய பலகை என்பதால் உரிய துறைக்கு விண்ணப்பம் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டோம். கார்க்காரர் எளிதில் கண்டுபிடிக்க முடியாமல் இருப்பதில் குப்பத்தாருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

வாசகத்தை முடிவு செய்யும்போது ஒரு விதி வைத்துக்கொண்டோம்: மாறாததை வெட்டுவது, மாறக்கூடியதை வண்ணத்தால் எழுதுவது. 'கடற்கரைப் பொதுவழி' என்ற தலைப்பு, காலும் அலையும் கொண்ட குறியீடு, அகலம், புல எண், ஊராட்சியின் பெயர் ஆகியவை வெட்டெழுத்து. புல எண்ணிலும் உட்பிரிவை விட்டுவிட்டு முதன்மை எண்ணை மட்டும் வெட்டினோம், ஏனெனில் உட்பிரிவு எண்கள் பாகப்பிரிவினையிலும் விற்பனையிலும் மாறிக்கொண்டே இருக்கும். வாகன நிறுத்தம் பற்றிய குறிப்பும் தொலைபேசி எண்களும் வண்ணத்தில் போயின. கல்லின் பின்முகத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி சேர்த்தோம்.

மாமல்லபுரத்துப் பட்டறையில் எழுத்து வெட்டியதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கணினியில் எழுத்துருவைப் பெரிதாக்கி அச்சிட்ட தாளை ஒட்டி, மணல் பீய்ச்சும் கருவியால் வெட்டித் தருவதாகத்தான் முதலில் பேசியிருந்தோம். சிற்பி தாளைப் பார்த்துவிட்டு, புள்ளிகளைக் காட்டி, இது நிற்காது என்றார். கணினி எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி, இரண்டரை அங்குல எழுத்துக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் வருகிறது. கருங்கல்லில் அவ்வளவு சிறிய குழி வெட்டினால் முதல் மழையிலேயே மணலும் தூசியும் அடைத்துக்கொள்ளும். அதன் மேல் வண்ணம் பூசினால் குழி மூடிவிடும். பிறகு 'கடற்கரை' என்பதில் றகரத்தின் மேல் புள்ளியே இருக்காது. அவர் எல்லாப் புள்ளிகளையும் பத்து மில்லிமீட்டர் அகலத்தில், கிண்ணம் போல் அடி உருண்டையாக இருக்கும்படி உளியால் கையிலேயே வெட்டினார். அடி உருண்டையாக இருந்தால் மழைநீரே அதைக் கழுவிவிடும். அதே காரணத்துக்காக ழகரத்தின் வாலையும் கல்லின் தானியத்தில் உடைந்துவிடாதபடி தடித்த கோடாக மாற்றி, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினார். கோடுகளைக் கருவி வெட்டியது. புள்ளிகளையும் வளைவுகளின் முனைகளையும் மனிதர் வெட்டினார். உளியின் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு பதித்திருப்பதால் முன்போல அடிக்கடி உலையில் வைத்துத் தட்ட வேண்டியதில்லை என்றும், ஆனாலும் புள்ளி வெட்டும் சிறு உளியைத் தாமே தீட்டிக்கொள்வதாகவும் சொன்னார்.

கல்லின் முகத்தை மெருகேற்றலாமா என்பதும் கேள்வியாக இருந்தது. மெருகேற்றிய கருங்கல்லில் வெட்டெழுத்து வெளிறிய சாம்பல் நிறமாகத் தெரியும். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெயிலில் அது கண்ணாடியாக மின்னும். பார்ப்பதற்குக் கல்லறைக் கல் போலவும் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். கொத்திய முகத்தையே வைத்துக்கொண்டோம். அதில் வேறொரு சிக்கல் உண்டு. ஆழமாக வெட்டிய எழுத்து தன் நிழலால்தான் தெரிகிறது. சாலையைப் பார்க்கும் முகம் மேற்கு நோக்கியது. காலை நடைக்கு வருகிறவர்கள் வரும் நேரத்தில் அந்த முகம் முழுக்க நிழலில் இருக்கும், உச்சி வெயிலில் எழுத்துக்குள் நிழலே விழாது. மாலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும் எழுத்துகள் துலங்கித் தெரியும். எனவே எழுத்துக்குள் வெள்ளை வண்ணம் பூச வேண்டியதாயிற்று. எபாக்ஸி நன்றாக ஒட்டும் என்றாலும் வெயிலில் சுண்ணாம்பு போல் பொடியாகும். ஊர்க்கடையில் கிடைக்கும் சாதாரண எனாமலையே எடுத்தோம். அது இரண்டு ஆண்டுகூட நிற்காமல் போகலாம், ஆனால் பொங்கலுக்கு வீட்டுக்கு வண்ணம் அடிப்பவர் மிச்சத்தைக் கொண்டுவந்து இதற்கும் பூசிவிட முடியும்.

நடுவதுதான் உடல் உழைப்பு மிகுந்த பகுதி. மணலில் குழி தோண்டினால் இரண்டடிக்குக் கீழே ஓரங்கள் சரிந்துகொண்டே வரும். குழி அகலுமே தவிர ஆழமாகாது. எங்கள் பக்கத்தில் மணற்பாங்கான நிலத்தில் கிணறு எடுப்பவர்கள் செய்வதையே செய்தோம். மூன்றடி விட்டமுள்ள சிமெண்ட் உறை ஒன்றை மணலின் மேல் வைத்து, உள்ளேயிருந்து மணலை எடுக்க எடுக்க உறை தன் எடையால் இறங்கிற்று. இரண்டரை அடி இறங்கியதும் அடியில் உடைகல் பரப்பிக் கெட்டித்து, செயின் பிளாக் மாட்டிய இரும்பு முக்காலியால் கல்லைத் தூக்கி உறைக்குள் இறக்கினோம். முக்காலியின் கால்கள் மணலில் புதையாமல் இருக்க ஒவ்வொன்றின் அடியிலும் பலகை வைப்பது கட்டாயம். தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்த பிறகு, சுற்றிலும் ஜல்லியும் கிராவலும் மாறிமாறிக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, கடப்பாரையால் இடித்தோம். கான்கிரீட் போடவில்லை. இறுகப் பிடிக்கும் என்பது உண்மையே; ஆனால் நாளைக்கு வருவாய்த் துறை அளந்து கல்லை ஓரடி நகர்த்தச் சொன்னால் கல்லை உடைக்காமல் எடுக்க முடிய வேண்டும். தரைக்கு மேல் நான்கடி, கீழே இரண்டடி. உறைக்குள் இடித்த ஜல்லி ஒரு மழைக்காலம் கழித்து இரண்டு அங்குலம் அமிழ்ந்தது. மேலும் கொஞ்சம் கொட்டிச் சரிசெய்தோம்.

கல்லை எங்கே நிறுத்துவது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பாதையின் நடுவில் நட்டால் தடையாகும். ஓரத்தில் நட்டால் அதையே எல்லைக்கல் என்று எண்ணிச் சுவரை அது வரைக்கும் கொண்டுவருவார்கள். தெற்கு ஓரத்து உண்மையான எல்லையிலிருந்து சரியாக ஒரு மீட்டர் உள்ளே நட்டு, அந்த ஒரு மீட்டரையும் கிராம சபைத் தீர்மானத்தின் இணைப்பு வரைபடத்தில் குறித்தோம். இனி எந்தப் பக்கச் சுவர் நகர்ந்தாலும் கல்லிலிருந்து அளந்து சொல்லிவிடலாம்.

சாலைப்பக்கம் மட்டும் அடையாளம் வைத்தால் பாதி வேலைதான் ஆகும். கடற்கரையில் இரண்டு கிலோமீட்டர் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வரிசையாகச் சுவர்களே தெரியும். எந்த இடுக்கு வழி, எது முட்டுச்சந்து என்று தெரியாது. 2004 சுனாமியின்போது மணலில் இருந்தவர்களுக்கு மேட்டுப்பக்கம் ஓட வழி தெரிவது எவ்வளவு முக்கியம் என்பதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எனவே ஒவ்வொரு பாதையின் கடல்முனையிலும் சற்றுச் சிறிய கல் ஒன்றைக் கடலைப் பார்க்கும்படி நட்டோம். அதில் 'சாலைக்கு வழி' என்பது வெட்டெழுத்து. குளிப்பதன் ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கையும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல் படையின் 1554, ஆம்புலன்ஸுக்கான 108 ஆகிய எண்களும் வண்ணத்தில். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அலை உயர்ந்து மணலை அரித்துக்கொண்டு போகும். ஆகவே கோடைக்காலத்து அகலமான கடற்கரையைப் பார்த்து ஏமாறாமல், அடும்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த மணல்மேட்டுக்கும் பின்னால், பாதை முடியும் புள்ளியிலேயே கல்லை நிறுத்தினோம். அந்தக் கொடிகளை வெட்டிப் பாதையை அகலமாக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான் என்பதால் மறுத்துவிட்டோம்.

ஒரு நன்கொடையாளர் கடல்பக்கக் கற்களுக்குச் சூரிய ஒளி விளக்கு பொருத்தித் தருவதாகச் சொன்னார். அதையும் ஏற்கவில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் ஏறி முட்டையிடுகின்றன. ஏறக்குறைய 45 முதல் 60 நாட்களில் வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தை நோக்கியே ஊர்கின்றன. கடலைவிட விளக்கு பிரகாசமாக இருந்தால் குஞ்சு சாலையை நோக்கிப் போய்விடும். ஒளியைத் திருப்பி அனுப்பும் ஸ்டிக்கரைக்கூடச் சாலைப்பக்கக் கற்களில் மட்டும், சாலையைப் பார்க்கும் முகத்தில் மட்டும் ஒட்டினோம்.

கற்கள் நின்ற பிறகு நடந்தவற்றையும் பதிவு செய்கிறேன். மனைப்பிரிவுச் சாலை ஒன்றில் குடியிருப்போர் சங்கம் தூக்குக் கம்பி போட்டிருந்தது. தானப் பத்திரத்தின் நகலைக் கொடுத்தபோது சங்கத்தார் அதை முதன்முறையாகப் படித்தார்கள் என்றே நினைக்கிறேன். வாக்குவாதம் ஏதுமின்றிக் கம்பி இப்போது எப்போதும் தூக்கியே நிற்கிறது, காவலாளி மட்டும் வண்டி எண்களை எழுதுகிறார். முதல் பாதையில் நிலைமை வேறு. வடக்குச் சுவரின் சொந்தக்காரர், இங்கே இருப்பது மூன்றரை மீட்டர்கூட இல்லையே, 6 மீட்டர் என்று ஏன் பொய்யாக எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு ஊராட்சிக்குக் கடிதம் அனுப்பினார். கல்லில் இருப்பது எங்கள் அளவு அல்ல, அரசுப் புலப்படத்தின் அளவு என்று ஊராட்சி பதில் எழுதி, கடிதத்தின் நகலையும் நில அளவரின் அறிக்கையையும் வட்டாட்சியருக்கு அனுப்பியது. 1905 சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி அவருக்கு அறிவிப்பு போயிருக்கிறது, விசாரணை முடியவில்லை. எது நடக்க வேண்டும் என்று நாங்கள் விரும்பினோமோ அதை அவருடைய கேள்வியே தொடங்கி வைத்தது.

பாதைகளின் தடங்களை, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன் ஸ்ட்ரீட் மேப்பிலும் வரைந்து, அகலத்தையும் பொதுவழி என்பதையும் குறித்திருக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், ஒவ்வொரு கல்லிலிருந்தும் இரு சுவர்களுக்கும் உள்ள தொலைவை அளந்து, கல்லின் சாய்வையும் பார்த்து, ஊராட்சி அலுவலகத்தில் உள்ள நோட்டில் எழுதிக் கையொப்பமிடுவது வழக்கமாகியிருக்கிறது. வண்ணத்தில் எழுதிய எண்கள் நடப்பில் உள்ளனவா என்று அப்போது அழைத்துச் சரிபார்க்கிறோம்.

மூன்றாவது வகையைச் சேர்ந்த அந்த இரண்டு தடங்களின் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அவற்றில் ஒன்றின் வழியாகத்தான் மாசி மகத்தன்று சாமி தீர்த்தவாரிக்குக் கடலுக்குப் போகிறது. கருமாதிக்கு மொத்த ஊரும் போவதும் அதன் வழியாகவே. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் வழக்காற்றால் வரும் வசதியுரிமையை, அதாவது பிறர் நிலத்தின் மேல் நடந்து செல்வது போன்ற உரிமையை, ஏற்கிறது என்பதால், கோயிலின் பழைய உற்சவ அழைப்பிதழ்கள், புகைப்படங்கள், முதியவர்களின் எழுத்துமூல வாக்குமூலங்கள் ஆகியவற்றைத் திரட்டிக் கோட்டாட்சியருக்கு மனு கொடுத்திருக்கிறோம். நிலத்தின் சொந்தக்காரர்களில் ஒருவர், தடத்தை ஓரமாக நகர்த்திக்கொண்டால் மூன்று மீட்டரை எழுதிக் கொடுக்கத் தயார் என்கிறார். சாமியைத் தூக்கி வருகிறவர்களுக்கு மூன்று மீட்டர் போதுமா என்பதை அடுத்த மாசி மகத்தில் பல்லக்கின் தண்டையும் தோள் கொடுப்பவர்களையும் வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல இருக்கிறோம். அதுவரை பட்டறையில் கல்லுக்கு முன்பணம் கொடுப்பதில்லை.